முள் குத்தியதாகச் சொல்லப்பட்ட கை

பாம்புக்கடிக்கான விதி எளிமையானது. கடிபட்டவரை நடக்க விடக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைக்க வேண்டும். கீறவோ உறிஞ்சவோ சூடு வைக்கவோ கூடாது. தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். துணைத் தாசில்தாராக இருந்த காலத்தில் இந்த விதியை நல்ல தமிழில் எழுதிக் கிராம முன்சீப்புகளுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாக ஒவ்வொருவரிடமும் கையெழுத்தும் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற மறு வருஷம் எனக்கே அந்த விதி பொருந்தும் சந்தர்ப்பம் வந்தபோது, கீறாமல் விட்டது ஒன்றைத் தவிர வேறெதுவும் பின்பற்றப்படவில்லை. அதுவும் பாம்பு என்று யாருக்கும் தோன்றாததால்தான்.

நடந்தது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் புதுச்சத்திரத்துப் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டில் மீன் சட்டியைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்துவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் விரதம் இருந்து நைனாமலை ஏறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருவார்கள். என் மனைவி நல்லம்மாள் ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. எனக்கு முழங்கால் வலி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சான்றிதழ் மலைக்கு மட்டும்தான் செல்லும்; ஆற்றுக்குச் செல்லாது என்று நானே ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டேன்.

ஆற்றுக்கு என்னைப் பழக்கியவன் நல்லம்மாளின் தம்பி செங்கோடன். மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் தோட்டம் வைத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே தண்ணீருக்குள் கைவிட்டு மீன் பிடிப்பவன். தூண்டிலைச் சோம்பேறியின் வேலை என்பான். பாறை இடுக்கிலும் கரைப் பொந்திலும் கையை விட்டுத் துழாவுவதுதான் அவன் வழி. கையில் படுவது என்ன என்று விரல் சொல்ல வேண்டும். வழவழவென்று சோப்புத் துண்டுபோல் நழுவினால் விலாங்கு. சொரசொரவென்று காய்ந்த துணிபோல் இருந்தால் பாம்பு, கையை எடுத்துவிடு. இவ்வளவுதான் பாடம். தண்ணீர்ப் பாம்பு எங்களைப் பலமுறை கடித்திருக்கிறது. அதற்கு விஷம் இல்லை. ரத்தம் சற்று வரும். ஆற்றிலேயே கழுவிவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது. கடித்தது எதுவானாலும் கழுவினால் போகும் என்ற நம்பிக்கை விரலில் ஊறிவிட்டது.

விலாங்கின் வளைக்குப் பெரும்பாலும் இரண்டு வாய் இருக்கும். தண்ணீருக்கு அடியில் ஒன்று, மேலே கரையில் ஒன்று. மேல் வாயை ஒரு கையால் அடைத்துக்கொண்டு, கீழ்வாயில் மறுகையை விட வேண்டும். அன்று ஒரு மருத மரத்து வேருக்கடியில் அப்படி ஒரு வளை கிடைத்தது. இடது கையை மேலே வைத்து அடைத்தேன். வலது கையைக் கீழே விட்டேன். இடது கைச் சுட்டுவிரலில் சுரீரென்று ஒன்று இறங்கியது. கையை உதறினேன். அதே நேரம் கீழ்வாயிலிருந்து முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு விலாங்கு பாய்ந்து வெளியே வர, செங்கோடன் துண்டைப் போட்டு அமுக்கிவிட்டான்.

"மேல வந்து உங்களக் கடிச்சுப் போட்டு, கீழ வந்து எங்கிட்ட மாட்டிக்கிச்சுங்க மாமா. என்ன கொழுப்பு பாத்தீங்களா!" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு, ஒரு துணைத் தாசில்தாருக்குப் பல்லைக் காட்டியதில் ஆச்சரியம் இல்லை என்றுகூடச் சொன்னேன். மேலே கரையில் இருந்த வாய் விலாங்கினுடையதுதானா, வேறு யாராவது குடியிருக்கும் தனிப் பொந்தா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. ஒரு நிலத்துக்கு இரண்டு அனுபவதாரர் இருக்கலாம் என்பதை முப்பது வருஷம் பார்த்த எனக்கே தோன்றவில்லை.

நல்லம்மாள் மலையிலிருந்து இறங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதால், செங்கோடனின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். வழியில் ஓர் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வந்தோம். விலாங்கு ஈரச்சாக்கு சுற்றிய ஒயர் கூடையில் வண்டியில் தொங்கியது. வீடு வந்தபோது விரல் வாழைப்பூ மடல்போல் வீங்கியிருந்தது. நல்லம்மாள் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள்.

"கையில என்னுங்க?"

எனக்குப் பதில் சொல்லச் சிரமம் வைக்காமல் செங்கோடன் சொன்னான். "வேலியோரம் கருவேல முள்ளுங்கக்கா. மாமா பாக்காம கைய வெச்சுப் போட்டாரு."

விலாங்குக் கடியோ முள்ளோ, இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரே ஊசிதான் போடுவார்கள். எதற்கு விவகாரம் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் வீக்கத்தைப் பார்த்த நல்லம்மாள், "முள்ளுக்கு இப்படி வீங்குமா? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்று பக்கத்து வீட்டுக் காரை வாடகைக்குப் பேசிவிட்டாள். செங்கோடன் பின்னாலேயே வண்டியில் வந்தான். கூடையை எங்கள் வீட்டில் வைத்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்பதால் அதுவும் கூடவே வந்தது.

அது எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள்மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. அரசு ஆஸ்பத்திரி. வராந்தாவில் நீளமான மரப் பெஞ்சுகள், டெட்டால் வாசனை, சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம். அன்று பணியில் இருந்தவர் புதிதாக வந்திருந்த ஒரு பெண் டாக்டர். எங்கள் மகள் வயதுதான் இருக்கும்.

"எப்படி ஆச்சு?" என்றார்.

"முள்ளுங்க டாக்டர்" என்றான் செங்கோடன். அக்கா பக்கத்தில் நிற்கும்போது அவனால் வேறென்ன சொல்ல முடியும்?

"முள்ளை எடுத்தாச்சா?"

"அப்பவே எடுத்துட்டமுங்க."

ரணஜன்னி என்ற டெட்டனஸ் வராமல் இருக்க ஓர் ஊசி போட்டு, கையைச் சுத்தம் செய்து, வெளியே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த படத்தில் இரண்டு குழந்தைகள் போதும் என்று எழுதியிருந்தது. சற்று நேரத்தில் அந்தப் படத்தில் நான்கு குழந்தைகள் இருந்தன. நல்லம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நல்லம்மாள். இமை கனத்தது. தூக்கம் என்று நினைத்துத் தூக்கிப் பார்த்தேன். பழைய கடைக் கதவுபோல் தானாக இறங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எழுதி அனுப்பிய விதியின் அடியில் பாம்பு விஷத்தின் அறிகுறிகள் என்று எழுதியிருந்தவற்றில் முதலாவதே இதுதான்.

சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு வெல்லப்பாகில் விழுந்ததுபோல் ஒட்டிக்கொண்டது. "பா... பா..." என்றேன். நல்லம்மாள் அலறினாள். டாக்டர் ஓடி வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். ஏறியிருந்தது. வயது ஐம்பத்தொன்பது, வாய் குழறுகிறது, கண் சொருகுகிறது. முள் குத்திய கதையை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் என்ன நினைப்பாரோ அதைத்தான் அவரும் நினைத்தார். "பக்கவாதமா இருக்கலாம்மா" என்றார். என் கோப்பு தவறான பிரிவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது; எனக்கோ கையெழுத்துப் போடக் கை எழவில்லை.

என்னைப் பெஞ்சிலேயே படுக்க வைத்தார்கள். கண் மூடிவிட்டது. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் காதால் கேட்டதுதான்.

முதலில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. "பாம்பு! அய்யோ, பெஞ்சுக்கடியில பாம்பு!" பாத்திரம் உருண்டது. ஆட்கள் ஓடினார்கள். யாரோ "தடி எடு, தடி எடு" என்றார்கள். அதற்கு மேல் செங்கோடனின் குரல்.

"அடிக்காதீங்க! அடிக்காதீங்க சாமி! பாம்பில்லீங்க, விலாங்குங்க! எங்குளுதுங்க!"

சாக்கு காய்ந்ததும், செங்கோடன் பெஞ்சுக்கடியில் ஒளித்து வைத்திருந்த கூடையை விட்டு விலாங்கு கிளம்பிவிட்டது. தண்ணீருக்கு வெளியேயும் வெகு நேரம் உயிரோடு இருக்கும் பிராணி அது. அன்று அது என்னைவிடத் தெம்பாக இருந்தது.

 பிறகு நல்லம்மாளின் குரல் மெதுவாக வந்தது. அவள் மெதுவாகப் பேசினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"எங்குளுதா? ஏன்டா செங்கோடா, இன்னிக்கு என்ன கெழம?"

"சனிக்கெழமைங்கக்கா."

"என்ன மாசம்?"

செங்கோடனின் செருப்பு தரையில் தேயும் சத்தம் கேட்டது.

"நான் அங்க கோவிந்தா கோவிந்தான்னு கால் தேய மல ஏறிட்டிருக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஆத்துல விலாங்கு புடிச்சுட்டு இருந்தீங்களா? முள்ளுன்னு சொன்னயேடா, பொய்யா?"

"அக்கா, அது..."

"அம்மா, திட்டறதை அப்புறம் வச்சுக்கங்க" என்று டாக்டரின் குரல் குறுக்கே வந்தது. "இங்க பாருப்பா. கையை எங்க விட்டாரு?"

"வளைக்குள்ளீங்க. மேல் வாயில."

"தண்ணிக்குள்ளயா, கரையிலயா?"

"கரையிலீங்க."

"கடிச்சது விலாங்குதான்னு நீ பார்த்தியா?"

செங்கோடன் யோசித்தான். என் வாழ்க்கையில் யாருடைய வாக்குமூலத்துக்கும் நான் அவ்வளவு ஆவலோடு காத்திருந்ததில்லை.

"பாக்கலீங்க. விலாங்கு கீழ வந்துச்சு. அதனால அதுதான்னு நெனச்சுப் போட்டமுங்க."

டாக்டர் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். விரலை அழுத்தித் துடைத்தார். "விலாங்கு கடிச்சா பல்லு வரிசையாக் கீறியிருக்கும். இது ரெண்டு புள்ளி. கையும் வீங்கியிருக்கு, கண்ணும் சொருகுது. நல்ல பாம்பு. உள்ளே தூக்குங்க" என்றார்.

ஆக, பாம்பை விலாங்கு என்று நினைத்ததால் சாகக் கிடந்த என்னை, விலாங்கைப் பாம்பு என்று நினைத்து அலறிய ஓர் அம்மாள் காப்பாற்றினாள். அவள் யாரென்று தெரியவில்லை. விலாங்கை என்ன செய்தார்கள் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கு இன்னும் வரவில்லை.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குப் பயன்படும். குதிரைக்குச் சிறிது சிறிதாகப் பாம்பு விஷம் ஏற்றி, அது பழகியபின் அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. பொடியாக வரும். கரைத்து ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, குளிர் நடுக்கியது. குதிரையின் மருந்தை மனிதன் உடம்பு அவ்வளவு மரியாதையாக வரவேற்பதில்லை. அதற்கும் ஊசி போட்டார்கள். நல்ல பாம்பின் விஷம் நரம்புக்கும் தசைக்கும் இடையே போய் உட்கார்ந்துகொள்ளும். மூளை உத்தரவு போடும். தசைக்கு அது வந்து சேராது. கண் இமை, நாக்கு, கழுத்து, கை என்று ஒவ்வொன்றாக நின்று கடைசியில் மூச்சு விடும் தசையும் நிற்கும். ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகாது. காது நன்றாகக் கேட்கும்.

மூச்சு எனக்கு அன்று பொழுது சாயும்போது நின்றது. அது எப்படி இருந்தது என்றால், கிணற்றில் மூழ்கியவனுக்கு மேலே ஆட்கள் பேசுவது கேட்பதுபோல் இருந்தது. தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கினார்கள். அதன் நுனியில் ரப்பர் பை ஒன்று. அதை அமுக்கினால் காற்று உள்ளே போகும்; விட்டால் வெளியே வரும். மூச்சு விட வைக்கும் இயந்திரம் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. சேலத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். "விஷம் இறங்கற வரைக்கும் யாராவது அமுக்கிட்டே இருக்கணும். ஒரு நிமிஷம்கூட விடக் கூடாது. மாத்தி மாத்திச் செய்யுங்க" என்றார். அமுக்கக் கற்றுக்கொடுத்தது நர்ஸ்.

யார் அமுக்குகிறார்கள் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. செங்கோடன் ஒரே சீராக, பம்ப்செட் ஓடுவதுபோல் அமுக்குவான். கூடவே, "மாமா, நான் முள்ளுன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்க மாமா" என்று அழுவான். அப்போது மட்டும் ஒரு மூச்சு குட்டையாக வரும். நல்லம்மாள் ஓர் அமுக்குக்கு ஒரு கோவிந்தா சொல்வாள். நைனாமலையில் விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்ந்தாள். நடுநடுவே, "கோவிந்தா... மீனு கேக்குது இந்த வயசுல... கோவிந்தா" என்றும் வரும். இரண்டுக்கும் எனக்குக் காற்று வந்தது.

வாழ்க்கையில் நான் அடைந்த பயங்களில் அதுதான் பெரியது. அது சாவைப் பற்றிய பயம்கூட அல்ல. உதட்டில் ஈ உட்கார்ந்தால் ஓட்ட முடியாது. டாக்டர் என் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். வெளிச்சத்தை நான் பார்த்தேன். "கண்மணி சுருங்கலையே" என்று நர்ஸ் சொன்னதையும் கேட்டேன். நான் இங்கேதான் இருக்கிறேன் அம்மா என்று முழுப் பலத்தோடு கத்தினேன். உள்ளேயே கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்ககிரியிலிருந்து என் பெரியப்பா மகன் வந்தார். லாரி வைத்திருப்பவர். எங்கள் பங்காளிகளில் மூத்தவர், நல்ல மனிதர், எதையும் தாமே முடிவு செய்பவர். அவரும் சற்று நேரம் பையை அமுக்கினார். லாரியின் பழைய பந்து ஹாரனை அமுக்கிப் பழகிய கை. ஊரையே விலக்குகிற மாதிரி இரண்டு முறை அமுக்கினார். நர்ஸ் பிடுங்கிச் செங்கோடனிடம் கொடுத்துவிட்டாள். பிறகு அவர் என் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுனு இருக்குது" என்றார். "நல்லம்மா, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. இது நீங்க ஊதற காத்து. தம்பி இல்ல. உசுரு இருக்குதுன்னு சொல்லறப்பவே ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம். இங்க முடிஞ்சா போலீசு வரும், அறுப்பாங்க. ஊருக்கு வெளிய முடிஞ்சதுன்னா வாசலுக்குள்ளயும் கொண்டார முடியாது. லாரி வெளிய நிக்குது. மெத்த போட்டு வெச்சிருக்கறேன்."

அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. பாம்புக்கடிச் சாவு இயற்கைச் சாவு அல்ல. போலீஸ் விசாரணை உண்டு, பிரேதப் பரிசோதனை உண்டு. அந்தக் காகிதங்கள் எத்தனையோ என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. தகுதியுள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டால் நோயாளியை அழைத்துப் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். தகுதியுள்ளவர் நல்லம்மாள். லாரியில் மெத்தை உண்டு. சங்ககிரி அண்ணன் எதையும் நன்றாகவே செய்வார். ஆனால் குழாயை எடுத்துவிட்டு ஏற்றுவார்கள். புதுச்சத்திரம் வரை அதில் எவ்வளவு தூரம் நான் போவேன் என்பதும் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. "விஷம் அவரைக் கட்டிப்போட்டிருக்குங்க. உள்ளே ஆள் இருக்காரு. நாம பேசறது கேட்கலாம். கொஞ்சம் பொறுங்க" என்றார்.

"எவ்வளவு பொறுக்கறதுங்கம்மா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

 நல்லம்மாளின் கோவிந்தா நின்றிருந்தது, செங்கோடன்தான் அமுக்கிக்கொண்டிருந்தான். அவள் வந்து என் காதருகே குனிந்தது, முந்தானையில் இருந்த துளசி வாசனையில் தெரிந்தது.

"ஏனுங்க. ஊட்டுக்குப் போலாமுங்கறாரு உங்க அண்ணன். நீங்களே சொல்லுங்க. வேண்டாமுன்னா கால் கட்டவிரல ஆட்டுங்க."

ஆட்டினேன். அதாவது உத்தரவு போட்டேன். எல்லோரும் என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்த அமைதியில் தெரிந்தது.  பிறகு சங்ககிரி அண்ணன் செருமினார்.

"நல்லம்மா..."

"இருங்க மாமா" என்றாள் அவள். "அவர எனக்குத் தெரியும். காப்பியா மோரான்னு கேட்டாக்கூட யோசிச்சுத்தான் சொல்லுவாரு. பதில் வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க லாரிய வேணும்னா லோடுக்கு அனுப்புங்க."

அண்ணன் லாரியை அனுப்பவில்லை. வெளியே போய் அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அன்று முழுவதும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். அமுக்கும் முறை அவளுக்கு வந்தால் கோவிந்தாவுக்கு நடுவே கேட்டாள். முறை இல்லாதபோது என் கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள். இட்லியைச் செங்கோடனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள், அவன் கை ஓயக் கூடாது என்பதற்காக. ஆற்றையும் விலாங்கையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். ஒன்றும் போய்ச் சேரவில்லை. டாக்டர் மறுபடியும் மருந்து ஏற்றினார். நரம்பின் சொல் தசைக்கு எட்ட உதவும் இன்னோர் ஊசியும் போட்டார்.

இப்போது நன்றாக இருக்கிறேன். சுட்டுவிரல் நுனி கறுத்து உதிர்ந்து புதுத்தோல் வந்திருக்கிறது. நகம் சற்றுக் கோணல். குரல் வந்த பிறகு, எல்லாம் எனக்குக் கேட்டது என்று சொன்னபோது சங்ககிரி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். விதிப்படிதான் பேசினீர்கள் என்று ஆறுதல் சொன்னேன். இந்த ஊர்களில் ஆற்றில் கைவிடுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கரைப்பொந்தில் கை வைக்காதீர்கள், வைத்துக் கடிபட்டால், எந்த மாசமானாலும், யார் பக்கத்தில் நின்றாலும், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். விழுந்து கிடப்பவன் பேசவில்லை என்பதால் போய்விட்டான் என்றும் நினைக்காதீர்கள்.

அந்த ஞாயிறு இரவு கழிந்து, விடிந்து ஜன்னல் பக்கம் சூடு ஏறியிருந்தது. செங்கோடன் அமுக்கிக்கொண்டிருந்தான். நல்லம்மாள் தொண்டை கட்டிப்போன குரலில், பழக்கத்தில் கேட்பதுபோல், "ஏனுங்க, ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றாள். நானும் பழக்கத்தில் வேண்டாம் என்றேன். அவள் உள்ளங்கைக்குள் ஏதோ அசைந்தது. அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். செங்கோடன் அமுக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க, "டேய், நீ கைய எடுக்காத!" என்று அவள் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்தார். அன்று புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை.